ஊசியின் இடது காது

ஊசி என்பது அவர் தனக்கே வைத்துக்கொண்ட புனைபெயர். இசைத்தட்டின் மேல் மெல்ல இறங்கி உட்காரும் ஊசியை நினைத்துத்தான் வைத்தார். வாசகர்கள் அதைக் குத்துகிற ஊசி என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் எழுதிய விமர்சனங்களும் அதற்குத் தோதாகவே இருந்தன. ஒரு ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றி, "டிரம் வாசிப்பவருக்கு ரயில் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்" என்று எழுதினார். இன்னொன்றில், "கிதார்காரர் தன் கிதாரைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை, நம்மையும் கேட்க விடவில்லை" என்றார். இப்படி இரண்டு வரிக்காகவே அந்த இசைப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிறவர்கள் இருந்தார்கள். பத்திரிகை அச்சில் வருவது நின்றுபோய் இணையத்துக்கு மாறியபோது ஊசியும் கூடவே போனார்.

ராக், ஜாஸ் ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதிப் பிழைக்க முடியாது. பகலில் அவர் ஒரு லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் நின்றுபோனால், கதவு மூடாவிட்டால், யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் மணியடிப்பது அவர் மேசையில்தான். வலது கையால் விலாசத்தை எழுதியபடி, இடது காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு, மூச்சை மெதுவா விடுங்க" என்று அவர் சொல்லும் குரலில் எப்படிப்பட்டவரும் அடங்கிவிடுவார்கள். அந்த ஆள்தான் ஊசி என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும், அங்கே ஜாஸ் கேட்கிறவர்கள் யாரும் இல்லை.

வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. பெரிய அறையில் இரண்டு ஸ்பீக்கர், நடுவே சரியாக அளந்து போட்ட ஒரு நாற்காலி. அந்த நாற்காலி அசையக் கூடாது என்று நான்கு காலுக்கும் தரையில் பட்டை ஒட்டியிருந்தார். அதில் உட்கார்ந்தால் பாடகர் நேர் எதிரே வந்து நிற்பார், பியானோ ஒரு பக்கம் விரியும், டிரம்ஸ் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போகும். கண்ணை மூடினால் அறை முழுக்க ஆள்கள். வேறெங்கே உட்கார்ந்தாலும் வெறும் சத்தம். நாற்காலி ஒன்றுதான் என்பதால் அவர் மனைவி அந்த அறையில் நிற்கவோ சுவரோரம் சாயவோதான் வேண்டியிருந்தது. அவள் ஏதாவது சொல்ல வந்தால் ஊசி ஒரு விரலைத் தூக்குவார். இந்தப் பாட்டு முடியட்டும் என்று அர்த்தம்.

அவள் விட்டுப் போன அன்றைக்கும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பெட்டியோடு வந்து வாசலருகே நின்றவள் அவர் விரலைத் தூக்க இடம் வைக்கவில்லை, தானே காத்திருந்தாள். ஆல்பம் முழுதும் ஓடி நின்றது.

"நான் பேசணும்னா பாட்டு முடியணும்," என்றாள். "ஒண்ணு முடிஞ்சா அடுத்தது ஆரம்பிக்குது. என்னால முடியலை. கிளம்புறேன்."

சண்டை இல்லை, அழுகை இல்லை. கதவைக்கூட சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். பிறகு அக்காவிடம் இதைச் சொன்னபோது ஊசி கடைசியில், "அது ஒண்ணும் அப்படி நல்ல ஆல்பமும் இல்லக்கா" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

அதன் பிறகு பல வருஷம் அவர் தனியாகவே இருந்தார். காலையில் ரொட்டி, மாலையில் கீழே கடையில் டீ, வீட்டுக்கு வந்ததும் நாற்காலி. பேச்சுத் துணை என்று பார்த்தால் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள்தான்.

ஒரு நாள் அலுவலகத்தில் மணியடித்தது. ஃபோனை எடுத்து இடது காதில் வைத்தார். ஒன்றுமில்லை. தட்டிப் பார்த்தார், வயரை ஆட்டிப் பார்த்தார்.

"ஃபோன் செத்துப் போச்சும்மா," என்றார் பக்கத்து மேசைப் பெண்ணிடம்.

அவள் வாங்கிக் கேட்டாள். "நல்லாத்தானே சார் இருக்கு? ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டு அந்தக் கத்துக் கத்துறார்!"

ஊசி வாங்கி மறுபடி இடது காதில் வைத்தார். மயான அமைதி. வலது காதுக்கு மாற்றினார். "யோவ், யாராவது இருக்கீங்களா இல்லையா?" என்று ஒரு குரல் காதைக் கிழித்தது. "இருக்கேன் சார், பயப்படாதீங்க" என்றார் ஊசி. அன்றைக்கு அதைச் சொல்லும்போது அவர் குரல்தான் நடுங்கியது.

சளி என்று நினைத்தார். அழுக்கு அடைத்திருக்கும் என்று ஏதோ சொட்டு மருந்து வாங்கி விட்டுப் பார்த்தார். அந்த வாரம் ஒரு ராக் குழுவின் இரட்டை ஆல்பத்துக்கு விமர்சனம் கொடுத்தாக வேண்டும். ஆசிரியர் தினமும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தார். ஒரு காதாலேயே கேட்டு, எழுதி, அனுப்பிவிட்டு ஊசி காது டாக்டரிடம் போனபோது ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

டாக்டர் அவரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதுக்கு ஊசி டக் டக்கென்று அழுத்தினார். அப்புறம் நீண்ட நேரம் பொத்தானின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். இடது காதுக்கான பரிசோதனை நடந்து முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"நரம்புல பிரச்சினை," என்றார் டாக்டர். "திடீர்னு சிலருக்கு இப்படிப் போயிடும், காரணமே தெரியாது. முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மாத்திரைக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். இப்பவும் தர்றேன். ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க. என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் கம்பெனில ஃபோன் எடுக்கிறேன்."

"அப்போ சமாளிச்சுக்கலாம். ஃபோனுக்கு ஒரு காது போதுமே."

இன்னொரு வேலையைப் பற்றி ஊசி வாய் திறக்கவில்லை.

மாத்திரை வேலை செய்யவில்லை. போன காதுக்குள் ஒரு இரைச்சல் மட்டும் குடிவந்தது. டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தகட்டைத் தட்டிவிட்டுக் கையால் பிடிக்க மறந்ததுபோல ஓயாத ஓர் இரைச்சல். தெருவில் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியாமல் நடுரோட்டில் நின்றார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் எதிர்ப் பக்கம் திரும்பினார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆல்பத்தைப் போட்டார். எல்லாம் கேட்டது. ஆனால் எல்லாரும் வலது சுவரோரம் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். பாடகர் எதிரே வரவில்லை. பியானோ விரியவில்லை. கூட்டமாக இருந்த அறையில் இப்போது வலது மூலையில் ஒரு பெட்டி பாடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் கண்டுபிடித்தது அக்காதான். அக்கா கணவரை இழந்தவள், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விசில் இல்லாமலே வண்டியை நிறுத்துகிற தொண்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நடந்து போகும்போது அவள் அவருக்கு இடது பக்கமாக வந்து, தெரு முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். திருப்பத்தில் நின்று தோளில் ஒன்று போட்டாள்.

"ஏண்டா, என் மேல என்ன கோபம்? கடைலேர்ந்து கேட்டுட்டே வர்றேன், ஊமை மாதிரி வர்றே?"

"என்ன கேட்டே?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். வலது பக்கம் வந்து, "எப்போலேர்ந்து?" என்றாள்.

சொன்னார். அக்கா திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், அந்த இரட்டை ஆல்பக்காரர்களை அவர்கள் வம்சத்தோடு திட்டினாள். பிறகு வீட்டுக்கு வந்து டீ போட்டுவிட்டுக் கேட்டாள்: "சரி, இப்போ எழுதுறதுக்கு என்ன பண்றே?"

ஹெட்ஃபோனின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக நல்ல காதில் வைத்துக் கேட்பதாகவும், யார் என்ன வாசிக்கிறார்கள் என்று தெரிந்துவிடுவதாகவும் சொன்னார். "ஆனா சேர்ந்து நிக்கும்போது யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரியலைக்கா. அது தெரியாம அந்த ஆல்பம் எப்படி இருக்குன்னு என்னால சொல்ல முடியாது."

"அவ்வளவுதானே? குடு," என்று ஹெட்ஃபோனை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள் அக்கா.

வாழ்நாளில் அவள் ராக் கேட்டதில்லை. முதல் பாட்டு ஆரம்பித்ததுமே முகத்தைச் சுளித்தாள். தனக்குக் கேட்பது எல்லாருக்கும் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு உரக்கக் கத்தினாள்.

"என்னடா இது, பத்து பேர் வீடு மாத்துற சத்தம்!"

ஊசி ஒரு பக்கம் ஹெட்ஃபோனை விலக்கி, "எந்தப் பக்கம் என்ன மாத்துறாங்கன்னு சொல்லு," என்றார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள். சாலை நடுவில் நிற்கும்போது தூக்குவாளே, அதே மாதிரி. "இந்தப் பக்கம் கட்டிலை இழுக்கிறாங்க. இதோ இங்க, காதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒருத்தன் ஏணில ஏறுறான். நடுவுல, என் மூக்கு நுனில, ஒருத்தி நிக்கிறா. அவளுக்கு இது எதுவும் பிடிக்கலை."

அவள் விரல் போன இடமெல்லாம் ஊசியின் கண் போனது. கட்டில் பாஸ் கிதார் என்றும், ஏணி இரண்டாவது கிதார் என்றும் அவருக்குத் தெரியும். அவள் கை காட்டிய இடங்களில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் அறை மறுபடி நிரம்பியது. "பாடகி நடுவில் நிற்கிறார், தன்னைச் சுற்றி நடக்கும் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை" என்று அந்த வார விமர்சனத்தைத் தொடங்கினார். ஊசி இந்த அளவுக்கு எழுதிப் பார்த்ததில்லை என்று வாசகர்கள் கொண்டாடினார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா வந்தாள். நாற்காலியில் அவள், பக்கத்தில் தரையில் அவர். பாட்டு ஓடும்போது யாரையும் பேச விடாத மனுஷன், இப்போது பாட்டு ஓடும்போது ஒருத்தி பேசாமல் இருந்தால் பதறினார். "ஏன் நிறுத்திட்டே? யார் வந்தா? என்ன ஆச்சு?" என்பார். "இருடா, இப்போ நல்லா இருக்கு, கேட்டுக்கறேன்," என்பாள் அக்கா. நாற்காலிக் காலடிப் பட்டைகள் எப்போதோ உரிந்து போயிருந்தன. அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காற்று வாங்கியபடி கேட்டாள். ஜாஸ் அவளுக்கு ராக்கைவிடப் பிடித்தது. "இவங்க ஒருத்தர் பேச்சை ஒருத்தர் கேக்குறாங்க," என்றாள்.

சிக்கல் ஒரு ஜாஸ் ஆல்பத்தில் வந்தது. நால்வர் குழு, ஒரு சின்ன அரங்கில் நேரடியாகப் பதிவு செய்தது. அக்கா வழக்கம்போல கண்ணை மூடிக் கைகாட்டினாள்: பியானோ வலது கோடி, சாக்ஸபோன் இடது பக்கம், டிரம்ஸ் அதற்குப் பின்னால். ஊசிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பியானோவை வலது கோடியில் தனியே ஒதுக்கி வைத்ததில் எவ்வளவு துணிச்சல் இருக்கிறது, அந்த இடைவெளியில் எவ்வளவு தனிமை இருக்கிறது என்று பத்தி பத்தியாக எழுதி அனுப்பினார்.

அந்த ஹெட்ஃபோன் பழையது. எது இடது, எது வலது என்று போட்டிருந்த எழுத்து இரண்டு பக்கமும் தேய்ந்து போயிருந்தது. அன்றைக்கு அக்கா அதைத் திருப்பி மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

அது தெரிந்தது கட்டுரை வெளியான பிறகுதான். ஆல்பத்தின் அட்டைப் படத்திலேயே மேடை இருந்தது. பியானோ பட்டவர்த்தனமாக இடது பக்கம். வாசகர்கள் விட்டுவைப்பார்களா? "ஊசி மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்" என்றார் ஒருவர். "இத்தனை வருஷம் நம்மைக் குத்தியது காதில்லாத ஊசியா?" என்றார் இன்னொருவர். ஆல்பத்தின் பியானோக்காரரே வந்து, "ஐயா, நான் எங்கே உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அதுதான் ஊசிக்கு உறைத்தது.

அக்காவிடம் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவள், அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா தப்பா மாட்டிக்கிட்டான்னு எழுதிடுடா. எனக்கென்ன, என்னை யாருக்குத் தெரியும்?"

"உன்னை எதுக்கு இழுக்கணும்? எனக்குக் கேக்கலைன்னு எழுதுறேன்."

அப்படியே எழுதினார். இடது காது போய்விட்டது, இத்தனை மாதமாக இன்னொருவர் காதை வாங்கித்தான் எழுதுகிறேன், அந்த விமர்சனத்தில் உள்ள தவறு முழுக்க என்னுடையது என்று சுருக்கமாக, ஜோடனை இல்லாமல் எழுதினார். அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். கேலி செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். முகம் தெரியாதவர்கள் உருகி உருகி எழுதினார்கள். ஊசி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தார். அவர் தேடிய ஒரு பெயர் மட்டும் அதில் இல்லை. பெட்டியோடு போனவள் இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாளோ என்னவோ.

அடுத்த வாரம் ஆசிரியர் கூப்பிட்டார்.

"படிச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"சரி. அடுத்த ஆல்பம் எப்போ அனுப்புறீங்க?"

"அதான்... அனுப்புறவங்க கொஞ்சம் யோசிக்கிறாங்க. பாதி கேட்டுட்டு எழுதுவார்ங்கறாங்க."

"முழுசா கேட்டு எழுதினப்பவும் இவங்கதான சார் திட்டினாங்க?"

ஆசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே முடிவு தெரிந்துவிட்டது. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. கச்சேரிக்குப் போய் எழுதுங்க. சின்னச் சின்னக் குழுவெல்லாம் எங்கெங்கயோ வாசிக்கிறாங்க, அதைப் பத்தி எழுத எங்ககிட்ட ஆளே இல்லை."

அது கையைப் பிடித்து மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விடுவது என்று ஊசிக்குப் புரிந்தது. சரி என்றார்.

அதே சமயத்தில் அக்காவின் மகளுக்கு வெளியூரில் பிரசவம் நெருங்கியது. அக்கா கிளம்பினாள். ஒரு மாதம் என்று சொல்லிக்கொண்டு போனவள், குழந்தை பிறந்ததும் அங்கேயே தங்கிவிட்டாள். பஸ்ஸில் ஏற்றிவிடப் போனபோது, ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். பஸ் நின்றது அவருடைய இடது பக்கம். அவர் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. கையை மட்டும் ஆட்டினார். என்ன சொன்னாள் என்று பிறகு ஃபோனில் கேட்டதற்கு, "ஞாபகமில்லடா, சாப்பிடுன்னு சொல்லியிருப்பேன்," என்றாள்.

ஆல்பம் வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை நீண்டுகொண்டே போனது. பல வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு நாள் மாலை ஊசி ஒரு மரச்சாமான் கடைக்குக் கீழே இருந்த நிலவறைக்குப் போனார். அங்கே ஞாயிறு மாலைகளில் ஒரு ஜாஸ் குழு வாசிக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு அம்மா டிக்கெட்டும் டீயும் விற்றுக்கொண்டிருந்தாள். நாற்காலிகளில் பாதி காலி. ஊசி இடது கோடியில், சுவரோரம் போகிற நடைவழியை ஒட்டிய நாற்காலியைப் பிடித்தார். அங்கிருந்து மேடை முழுக்க அவருடைய வலது காதுக்கு எதிரே இருந்தது.

கண்ணைத் திறந்துகொண்டு கேட்டார். அது அவருக்குப் புதிது. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. தரையில் நிறுத்தி வாசிக்கிற பெரிய பாஸ்; அதை வாசிப்பவர் ஒல்லியாக, தன் வாத்தியத்தைவிடக் குள்ளமாக இருந்தார். இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் சட்டென்று நின்றது. பியானோ நின்றது. பாஸ் மட்டும் நிற்காமல், ஆளில்லாத தெருவில் நடப்பதுபோலத் தனியாக நடந்து போனது. ஊசி நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார்.

அடுத்த வாரமும் போனார். டீ கொடுத்த அம்மா கேட்டாள்: "ஏன் சார், போன வாரம் அந்தப் பையன் மேல ஏதாவது கோபமா?"

"எந்தப் பையன்?"

"பாஸ் வாசிக்கிறவன். இடைவேளையில உங்க பக்கத்துல குனிஞ்சு ஏதோ கேட்டான். நீங்க திரும்பிக்கூடப் பாக்கலை. ரொம்பத் தலைக்கனம் பிடிச்ச ஆள் போலிருக்குன்னு சொல்லிட்டுப் போனான்."

ஊசி டீயைக் கீழே வைத்தார். நடைவழி அவருடைய இடது பக்கம்தான். அன்றைக்குக் கச்சேரி முடியும்வரை காத்திருந்து, வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்த பாஸ்காரரிடம் போனார்.

"போன வாரம் என்கிட்ட ஏதோ கேட்டீங்களாம். எனக்கு அந்தக் காது கேக்காது. வேணும்னு பண்ணலை."

பாஸ்காரர் திகைத்துப் போனார். "ஐயோ சார், பெரிசா ஒண்ணும் இல்லை. எப்படி இருந்துச்சுன்னுதான் கேட்டேன்."

"உக்காருங்க. இந்தப் பக்கம் உக்காருங்க, சொல்றேன்."

சொன்னார். முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தார். பியானோ எங்கே அவசரப்பட்டது, இவர் எங்கே அதைப் பிடித்து நிறுத்தினார் என்று சொன்னார். "அந்த ரெண்டாவது பாட்டுல எல்லாரும் நிக்கிறாங்க, நீங்க மட்டும் போறீங்க பாருங்க. அங்க நான் மூச்சு விடலை."

பாஸ்காரர் தலையைச் சொறிந்தார். "நானும் நிக்கணும் சார் அங்க. மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"சத்தியமா. அப்புறம் எப்படி வெளிய வர்றதுன்னு தெரியாம போயிட்டே இருந்தேன்."

ஊசி சிரித்தார். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தார். "அப்போ இனிமே ஒவ்வொரு வாரமும் மறங்க," என்றார்.

இன்னும் சொல்ல இருந்தது. ஆனால் மேலே வண்டி காத்திருப்பதாகப் பாஸ்காரரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா நாற்காலிகளை மடித்துச் சுவரில் சாய்த்துக்கொண்டே வந்தாள். கடைசியாக ஊசியின் நாற்காலி மட்டும்தான் மிச்சம். எழுந்து கொடுத்துவிட்டுப் படியேறினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு ஃபோன் செய்தார். இதை அவளிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். எடுத்தவள், குழந்தை அழுகிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். ஊசி சட்டையை மாற்றிக்கொண்டு, ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் கிடந்த அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நிற்க மறந்த பாஸ்காரரைப் பற்றி எழுதத் தொடங்கினார்.